அபராதம் போடும் முன் ஆள் அனுப்புவோம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் எங்கள் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

ஷூ கம்பெனி வேனை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்த அக்காமார்கள் பலர் இருக்கிறீர்கள். தைக்க வாங்கிய அப்பர் கட்டை மடியில் வைத்திருக்கும் தங்கைகளும் இருக்கிறீர்கள். தைத்துக்கொண்டே கேளுங்கள், தப்பில்லை. காது இங்கே இருந்தால் போதும்.

வழக்கமாக நாங்கள் இந்த இடத்தில் நின்றால் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்றுதான் பேசுவோம். இன்று மனசைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "மனசு சரியில்லன்னா கோயிலுக்குப் போவோம், தர்காவுக்குப் போவோம், குழுக் கூட்டத்துல இதுக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. எங்கள் தப்பு ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

எங்கள் தப்பு

சில வருஷங்களுக்கு முன்னால், ஆம்பூர் பக்கத்தில் ஒரு குழு. அதில் ஒரு தங்கை. வயது 24. வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கிற வேலை. முதல் குழந்தை பெண். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தது. பிரசவம் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு கூட்டத்துக்கு வந்தாள். அதன்பின் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். குழுவின் விதிப்படி வராதவர்களுக்குக் கூட்டத்துக்கு 10 ரூபாய் அபராதம். தீர்மான நோட்டில் எழுதினார்கள். கடன் தவணையும் இரண்டு நின்றுபோனது.

இரண்டு உறுப்பினர்கள் அவள் வீட்டுக்குப் போனார்கள். குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்குப் பதில் இல்லை. திரும்பி வந்து, "திமிரு புடிச்சவ, வாயத் தொறக்கல" என்றார்கள். நாங்கள் எங்கள் அறிக்கையில் "உறுப்பினர் ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினோம். அந்தக் குழுவைக் கட்டுப்பாடான குழு என்று பாராட்டவும் செய்தோம். இதில் குழுவை மட்டும் குறை சொல்ல முடியாது. பட்டம் படித்து, பயிற்சி எடுத்து, சம்பளம் வாங்குகிற எங்களுக்கே தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து ராத்திரி போன் வந்தது. அவள் உயிரை விடப் பார்த்திருக்கிறாள். அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கடவுள் புண்ணியத்தில் பிழைத்தாள். காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது ரொம்ப நேரம் பேசவே இல்லை. கிளம்பும்போது சொன்னாள்: "மூணு வாரம் வரல. அபராதம் கேட்டு வந்தீங்க. ஏன் வரலன்னு யாருமே கேக்கலியே அக்கா."

அந்த வார்த்தைக்கு எங்களிடம் பதில் இல்லை. அவள் சம்மதம் வாங்கித்தான் இதைப் பேர் சொல்லாமல் இங்கே சொல்கிறோம். "சொல்லுங்க, இன்னொருத்திக்கு உதவும்" என்றாள்.

பதில் நம் பக்கத்து ஊரில் இருந்தது

பிறகு நாங்கள் தேடிப் படித்தோம். அவளுக்கு என்ன ஆயிற்று என்பது அதற்குப் பல வருஷம் முன்பே ஆராய்ச்சி செய்து எழுதப்பட்டிருந்தது. எங்கே? வெளிநாட்டில் இல்லை. வேலூர் பக்கத்தில், கணியம்பாடி வட்டாரத்தில். இங்கிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அந்த வட்டாரத்துக் கிராமங்களில் 359 கர்ப்பிணிப் பெண்களைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்த்துப் பேசினார்கள். 2002-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு நோய் வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர். யாருக்கு அதிகம் வந்தது தெரியுமா? வருமானம் குறைந்தவர்களுக்கு. ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் குழந்தை பெற்றவர்களுக்கு. மாமியாரோடோ பெற்றவர்களோடோ உறவு சரியில்லாதவர்களுக்கு. கர்ப்ப காலத்தில் பெரிய கஷ்டம் பட்டவர்களுக்கு. பிள்ளையைத் தூக்க, துணி துவைக்க கூடமாட உதவிக்கு ஆள் இல்லாதவர்களுக்கு.

இந்தப் பட்டியலைப் படித்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் அந்தத் தங்கையின் வீட்டில் இருந்தது. அவளுக்கு வந்தது திமிர் இல்லை, நோய்.

இன்னொரு கணக்கும் சொல்கிறோம். கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி.யின் சமுதாய சுகாதாரப் பிரிவு பல வருஷமாக வேலை செய்கிறது. அங்கே கிராமத்துக்கு ஒரு பெண் சுகாதாரப் பணியாளர் உண்டு. நம்மைப் போன்ற பெண்கள்தான். ஊரில் யார் பிறந்தாலும் இறந்தாலும் அவர் சொல்வார். பிறகு நர்ஸும் டாக்டரும் அந்த வீட்டுக்குப் போய், எப்படி இறந்தார் என்று பக்குவமாக விசாரித்து எழுதுவார்கள். அப்படி 1994 முதல் 1999 வரை எண்ணியபோது, லட்சம் பேருக்கு வருஷத்தில் 95 பேர் தற்கொலையில் இறந்தது தெரிந்தது. அந்தக் காலத்தில் நாடு முழுக்க போலீஸ் பதிவுப்படி லட்சத்துக்கு 10, 11 பேர்தான். அந்த வட்டாரத்தின் ஜனத்தொகையே லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அப்படியானால் சராசரியாக வாரத்துக்கு இரண்டு வீட்டில் இப்படி இழவு.

ஏன் இத்தனை வித்தியாசம்? போலீஸ் கேஸ் ஆகும், மானம் போகும், தங்கச்சிக்குக் கல்யாணம் நடக்காது என்று "வயித்து வலி", "திடீர்னு காய்ச்சல்" என்று மூடிவிடுகிறோம். ஊர்ப் பெண் போய்க் கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது.

2004-ல் வந்த இன்னொரு கணக்கு இதைவிடக் கஷ்டமானது. 10 முதல் 19 வயதுக்குள் லட்சம் பையன்களுக்கு 58 பேர். லட்சம் பெண் பிள்ளைகளுக்கு 148 பேர். இவை பழைய வருஷங்களின் எண்கள்தான். ஆனால் பாவாடை தாவணி போட்ட பிள்ளைகள் இத்தனை பேர் போனார்கள் என்பதை மறக்கக் கூடாது.

2010-ல் அதே வட்டாரத்தில், தற்கொலையில் இறந்த 100 பேரைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. அதில் 37 பேருக்குத்தான் மனநோய் என்று சொல்லத்தக்க பாதிப்பு இருந்தது. தீராத மனக்கஷ்டம், நாள்பட்ட வலி, நெருங்கிய உறவு முறிந்தது, தனியாக வாழ்வது, இவைதான் ஆபத்தைக் கூட்டிய காரணங்கள். இதை நன்றாக யோசியுங்கள். நோய் என்றால் ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். தனிமையையும் கடன் கவலையையும் எந்த ஆஸ்பத்திரி பார்க்கும்? பக்கத்து வீடும் குழுவும்தான் பார்க்கணும்.

உடம்பு வலி என்று வரும் மனசு வலி

நம்மில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று டாக்டரிடம் சொல்வதில்லை. "உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு", "நெஞ்சு படபடங்குது", "தூக்கம் இல்ல, சோறு எறங்கல" என்கிறோம். தலை குனிந்து தைக்கிற வேலை, பசை வாசனை, நின்றுகொண்டே மெஷின் வேலை, இதனால் வலி வருவது நிஜம்தான். ஆனால் எல்லா வலியும் அது மட்டும் இல்லை. வேலூரில் ஆரம்ப சிகிச்சைக்கு வந்தவர்களைப் பார்த்த ஒரு ஆய்வு 2003-ல் வந்தது. மூன்று பேரில் ஒருவருக்கு மனச்சோர்வோ பதற்றமோ இருந்தது. நாம் என்ன செய்கிறோம்? ஒரு சத்து ஊசி, ஒரு குளுக்கோஸ் பாட்டில், மெடிக்கல் ஷாப்பில் நாலு தூக்க மாத்திரை. காசு போகிறது, நோய் அப்படியே இருக்கிறது.

நம்மைப் போன்ற பெண்கள் செய்து காட்டியது

"நாங்க என்ன டாக்டரா? படிச்சவங்களா?" என்று கேட்பீர்கள். மூன்று ஊர்க் கதை சொல்கிறோம்.

பாகிஸ்தானில் கிராமப்புற சுகாதாரப் பணிப் பெண்கள், மனச்சோர்வு வந்த தாய்மார்களின் வீட்டுக்குப் போய், பயிற்சியில் கற்றுக்கொடுத்த முறைப்படி பேசினார்கள். 2008-ல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில், அப்படிப் பேசப்பட்ட தாய்மார்களில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் நோய் மிச்சம். பயிற்சி இல்லாமல் சும்மா பார்த்துவிட்டு வந்த இடத்தில் நூற்றுக்கு 53 பேருக்கு நோய் அப்படியே இருந்தது.

நம் நாட்டில் கோவாவில், ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஆறு முதல் எட்டு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பேசினார்கள். பேச்சின் சாரம் எளிது. மனசு சோர்ந்தால் நாம் எல்லா வேலையையும் விட்டு மூலையில் உட்காருகிறோம். உட்கார உட்கார சோர்வு கூடுகிறது. அதனால் சின்னச் சின்ன வேலையாக, ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பிக்க வைக்க வேண்டும். 2017-ல் வந்த முடிவில், மூன்று மாதத்தில் நூற்றுக்கு 64 பேர் தேறினார்கள். அந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் 39 பேர்தான். அளவுக்கு மீறிக் குடிக்கும் ஆண்களிடமும் இதே போல் பேசிப் பார்த்தார்கள். அதில் 36 பேர் தேறினார்கள், மற்ற பக்கம் 26 பேர். பலன் கொஞ்சம்தான். ஆனால் குடிகாரனைத் திருத்தவே முடியாது என்பது பொய் என்று தெரிந்தது.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற நாடு. அங்கே ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரப்பெஞ்சு போட்டு, பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர். அந்த ஊர்ப் பாஷையில் மனச்சோர்வுக்கு "ரொம்ப யோசிக்கிறது" என்றுதான் பேராம். நாமும் "ரொம்ப யோசன பண்றா" என்றுதானே சொல்கிறோம்! அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்கள் நன்றாகத் தேறியது 2016-ல் ஆய்வாக வந்தது.

நம் தமிழ்நாட்டிலும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பவர்கள் யார்? சுய உதவிக் குழுவிலிருந்து எடுத்த நம் பெண்கள்தானே! பிரஷர் பார்க்கும் கை மனசையும் விசாரிக்கலாம்.

குழுவில் என்ன செய்யலாம்?

1. ஒரு உறுப்பினர் காரணம் சொல்லாமல் இரண்டு கூட்டம் வராவிட்டால், அந்த வாரத்துக்குள் அவளுக்குப் பிடித்த ஒருத்தி வீட்டுக்குப் போகட்டும். நோட்டும் பாஸ் புத்தகமும் எடுத்துப் போக வேண்டாம். கடனைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம். பிரசவம் ஆன வீட்டுக்கு, இழவு விழுந்த வீட்டுக்கு, வேலை போன வீட்டுக்கு, கூட்டத்துக்கு வந்தாலும் போங்கள்.

2. இரண்டு கேள்வி கேளுங்கள். "ரெண்டு வாரமா, பாதி நாளுக்கு மேல, எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கா?" "மனசு சோர்ந்து, எதுக்கு வாழ்றோம்னு இருக்கா?" ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

3. காது கொடுங்கள். "எனக்கு வராத கஷ்டமா?", "ரெண்டு புள்ள இருக்கு, தைரியமா இருடி" என்று உடனே ஆரம்பிக்காதீர்கள். அவள் முடிக்கட்டும். அழுதால் அழட்டும்.

4. ஒரு சின்ன வேலையில் கூட இருங்கள். சேர்ந்து தண்ணீர் பிடிக்கப் போகலாம். ஒரு ஜோடி அப்பர் சேர்ந்து தைக்கலாம். அரை மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ குளிச்சிட்டு வா" என்று சொல்லலாம். இதுவும் வைத்தியம்தான்.

5. ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். "போய்ப் பாரு" என்று சொன்னால் போகமாட்டாள். ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு வேண்டும். குழு நிதியிலிருந்து பஸ் காசு கொடுக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் பார்க்கிறார். எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கூட்டத்தில் டாக்டருக்கு நேரம் குறைவு. அதனால் முதல் வரியிலேயே சொல்லுங்கள்: "உடம்பு வலி மட்டும் இல்லீங்க, ரெண்டு வாரமா மனசும் சரியில்ல, தூக்கம் இல்ல." அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஊசிதான் கிடைக்கும்.

6. மனச்சோர்வு மாத்திரை இரண்டு முதல் நாலு வாரம் கழித்துத்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும். "நாலு நாள் சாப்ட்டேன், ஒண்ணும் ஆகல" என்று விட்டுவிடக் கூடாது. நன்றாகிவிட்டாலும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

7. பயமாக இருந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. கேட்கும்போது பாரம் இறங்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள ஆபத்தான பொருள்களை எடுத்துப் பூட்டி வையுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னை சினேகா அமைப்பைச் சேர்ந்தவர்கள் இரண்டு கிராமத்தில் விவசாய மருந்துகளைப் பொது இடத்தில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த வகைச் சாவு குறைந்ததை 2013-ல் எழுதினார்கள். அந்த நேரம் தாண்டினால் மனசு மாறும். உடனே ஆஸ்பத்திரிக்கு 108. எந்த நேரமும் தமிழில் பேச டெலி மானஸ் 14416, காசு கிடையாது.

8. கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். தீர்மான நோட்டில் "உறுப்பினர் வீட்டுக்குச் சென்று வந்தோம்" என்று எழுதினால் போதும்.

போலீஸ் பயம் இனி வேண்டாம். 2018 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உயிரை விட முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை. பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை. ஆகவே மறைக்காமல் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

நம்மால் ஆகாததும் உண்டு

காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று சொல்கிறவர்களுக்கு நம் பேச்சு போதாது. நேராக மனநல மருத்துவர்தான். சாமி கும்பிடுங்கள், தர்காவுக்கும் போங்கள். ஆனால் மருந்தை நிறுத்தாதீர்கள், கட்டி வைக்காதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை மறக்க முடியுமா? அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, 1957-லிருந்து, வேலூர் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடத் தங்கிப் பார்த்துக்கொள்ளும் முறை இருக்கிறது. வீட்டாரும் சேர்ந்தால்தான் வைத்தியம் நிற்கும் என்று அன்றே கண்டுகொண்டார்கள்.

புருஷன் அடிக்கிற வீட்டில் "மனசைத் தேத்திக்கோ" என்று சொல்வது நியாயம் இல்லை. அதற்கு 181-க்குப் பேச வேண்டும், குழுவாகப் போய் நிற்க வேண்டும். கம்பெனியில் மேற்பார்வையாளர் தொல்லை கொடுத்தால், 2013 சட்டப்படி அங்கே உள்ள புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜோடிக்கு இத்தனை என்று கிடைக்கும் கூலி பத்தாமல் வருகிற கவலை, கூலி உயர்ந்தால்தான் தீரும். அந்தப் போராட்டமும் நமக்கு உண்டு.

ஒரு தீர்மானம்

"அபராதம் இல்லன்னா எல்லாரும் மட்டம் போடுவாங்க" என்று ஒரு ஊக்குநர் அக்கா எங்களிடம் சொன்னார். நியாயமான கேள்விதான். அபராதத்தை எடுக்கச் சொல்லவில்லை. முதலில் ஆள் போகட்டும். போய்ப் பார்த்து, சும்மா மட்டம் போட்டிருந்தால் பிறகு போடுங்கள். 10 ரூபாய் எங்கும் ஓடிப்போகாது.

அந்தத் தங்கைக்குச் சிகிச்சை எட்டு மாதம் நடந்தது. நடுவில் ஒருமுறை மாத்திரையை விட்டு மறுபடி சோர்ந்துபோனாள். அப்போதும் அதே இரண்டு உறுப்பினர்கள், "திமிரு புடிச்சவ" என்று சொன்னவர்கள்தான், மாறி மாறிக் கூடப் போனார்கள். கடனைத் தாமதமாகக் கட்டி முடித்தாள். இன்று அந்தப் பின்வரிசையில் உட்கார்ந்து அப்பர் தைத்துக்கொண்டிருப்பவர்களில் அவளும் ஒருத்தி. யார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். நம்மில் யார் வேண்டுமானாலும் அவளாக இருக்கலாம்.

ஆராய்ச்சி நம் ஊரில் நடந்தது, நம் பெண்களைக் கேட்டுத்தான் நடந்தது. அது புத்தகத்திலேயே இருந்தால் யாருக்கு லாபம்? அதனால் இந்தப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கேட்கிறோம். நம் கூட்டமைப்பின் எல்லாக் குழுவிலும், வராத உறுப்பினருக்கு அபராதம் எழுதும் முன் ஒரு ஆள் வீட்டுக்குப் போய் "ஏன் வரல?" என்று கேட்டு வர வேண்டும்.

சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள். செயலாளர் அக்கா, தீர்மான நோட்டை எடுங்க.